தாடிக்குள் தாடி

மூன்றாவது படி ஆடும் என்று யாரும் ரேடியோவிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அவன் காதில் விழுந்திருக்காது, ஏனென்றால் அப்போது அவன் பேசிக்கொண்டிருந்தான். நாடக அரங்கின் பக்கவாட்டிலிருந்து மேடைக்கு ஏற ஐந்து மரப்படிகள். மூன்றாவதில் காலை வைத்ததும் பலகை ஒரு பக்கமாகத் தூக்கிக்கொண்டது. மறுநொடி அவன் ஒரு கோட்டைச் சுவரைக் கட்டிப்பிடித்தபடி நடுமேடையில் கிடந்தான்.

"பார்த்து வாங்க தம்பி" என்றாள் அண்ணி, அவன் விழுந்து முடித்த பிறகு.

"சுவர் உறுதியா இருக்கான்னு பார்த்தேன் அண்ணி. இல்ல. அட்டை."

அண்ணி என்றால் அவனுடைய அண்ணன் மனைவி. இருபது வருஷம் சலவைக் கடையில் துணி வாங்கிப் போட்டவள். சட்டையைப் பார்த்தே ஆள் எங்கே உட்கார்ந்தான், எதைத் தின்றான், யாரிடம் பொய் சொன்னான் என்று சொல்லிவிடுவாள். அந்த வித்தையைச் சும்மா விடுவானேன் என்று கடை மாடியில் துப்பறியும் நிலையம் திறந்து ஆறு வருஷம் ஆகிறது. கீழே அண்ணன் துணிகளுக்கு மடிப்பு எடுக்கிறான், மேலே அண்ணி ஆட்களுக்கு மடிப்பைப் பிரிக்கிறாள். உதவிக்கு ரேடியோ. அந்தப் பெயரை வைத்தது அண்ணன்தான். அணைக்கிற பொத்தான் எங்கே இருக்கிறது என்று நாற்பத்திரண்டு வருஷமாகத் தேடுகிறான், பாவம்.

வழக்கைக் கொண்டுவந்தவர் ராஜா. நிஜ ராஜா இல்லை. இந்த நாடகக் குழுவின் முதலாளி, இயக்குநர், கதாநாயகர் எல்லாம் அவரே. முப்பது வருஷமாக ராஜா வேஷத்தைத் தவிர வேறெதையும் தொட்டதில்லை என்பதால் ஊரே அப்படிக் கூப்பிட்டுப் பழகிவிட்டது. நேற்று மாடிக்கு வந்து, கடைசி வரிசைக்குக் கேட்கிற குரலில் தன் கஷ்டத்தைச் சொன்னார். கீழே அண்ணன் திடுக்கிட்டு ஒரு காலரைப் பொசுக்கிவிட்டான்.

தாடி மீசை ஒட்டுகிற பசை காணாமல் போகிறதாம். ஸ்பிரிட் கம் என்பார்கள். ஒரு பாட்டில் ஒரு மாதம் வரவேண்டும். பதினைந்து நாளில் ஏழு பாட்டில் காலி. இதற்குப் போய் துப்பறியும் நிலையமா என்று ரேடியோ வாயெடுப்பதற்குள் ராஜா குரலைத் தாழ்த்தினார். அதாவது நடு வரிசை வரைக்கும் கேட்கும்படி பேசினார்.

"பசை போனா போகட்டும்மா. என் குழுவுல யாராவது வேற ஆளா ஒளிஞ்சிருந்தா எனக்குத் தெரியணும். நாளைக்கு ஆறு மணிக்கு இந்த வருஷத்து முதல் காட்சி. அஞ்சு மணிக்குள்ள எனக்கு மட்டும் சொல்லணும். வேற ஒருத்தர் காதுக்கும் போகக் கூடாது."

அதனால்தான் இன்று காலை பத்து மணிக்கு, கடைசி ஒத்திகையில், ரேடியோ அட்டைச் சுவரைக் கட்டிக்கொண்டு கிடந்தான்.

நாடகம் நானூறு வருஷத்துக்கு முன்னால் இங்கிலாந்தில் எழுதப்பட்ட பெரிய சோக நாடகம். கதை ரேடியோவுக்கே புரிந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு கிழ ராஜா, நாட்டை மகள்களுக்குப் பங்கு போடுகிறார். 'செய்யாதீங்க, தப்பு' என்று ஒரு பிரபு நேருக்கு நேர் சொல்கிறான். ராஜா அவனை நாட்டை விட்டே துரத்துகிறார். அவன் போகாமல், மாறுவேஷம் போட்டுக்கொண்டு அதே ராஜாவிடம் வேலைக்காரனாகச் சேர்ந்து, காற்றிலும் மழையிலும் கூடவே அலைகிறான். கடைசிக் காட்சியில்தான் வேஷத்தைக் கலைக்கிறான். அதற்குள் வேண்டியவர்கள் எல்லாம் போய்ச் சேர்ந்துவிடுகிறார்கள்.

அந்தப் பிரபு வேஷம் போட்டவர் புது ஆள். சேர்ந்து பதினைந்து நாள்தான். முகம் முழுக்கக் கருகருவென்று தாடி. சொந்தத் தாடி என்று முதல் நாளே எல்லோரிடமும் தனித்தனியாகச் சொல்லிவைத்தாராம். எடுத்தால் தொண்டை கட்டிக்கொள்ளும் என்பதால் எடுக்கமாட்டாராம். ஆகவே பிரபு வேலைக்காரனாக மாறும் இடத்தில் கறுப்புத் தாடியின் மேலேயே ஒரு வெள்ளைத் தாடியை ஒட்டிக்கொண்டு வந்தார்.

"தாடிக்கு மேல தாடியா" என்றான் ரேடியோ. "மழைக்கோட்டு நனையக் கூடாதுன்னு மேல ஒரு மழைக்கோட்டு போட்ட மாதிரி இருக்கு."

"பேசாம அவர் காலைப் பாருங்க தம்பி."

தாடிக்காரர் கையில் ஒரு முக்காலியோடு, லைட்மேனிடம் ஏதோ பேசியபடி, பின்பக்கமாகவே படியேறிக்கொண்டிருந்தார். ஒன்று, இரண்டு, நான்கு, ஐந்து. மூன்றாவதை அவர் கால் தொடவே இல்லை. அவருக்குப் பின்னால் டீ கொண்டுவந்த அம்மாள் ஒரு மாதமாக அங்கே வந்துபோகிறவள், அவளே மூன்றாவதில் தடுக்கி இரண்டு டம்ளரைக் கொட்டினாள். அவளுக்குக் கைகொடுக்கப் போன ரேடியோ இரண்டாவது முறையாக விழுந்தான்.

டீ வந்ததும் எல்லோரும் டம்ளரை வாயில் வைத்தார்கள். தாடிக்காரர் சட்டைப் பையிலிருந்து ஒரு உறிஞ்சுகுழல் எடுத்தார். சுடச்சுட டீயைக் குழல் வைத்து உறிஞ்சுகிற மனிதனை ரேடியோ அன்றுதான் பார்த்தான்.

அடுத்தது இருமல். ராஜா புயல் காட்சியில் கைகளை விரித்து முழங்கிக்கொண்டிருந்தவர் சட்டென்று நின்றார். கண் மேலே எதையோ தேடியது. பக்கத்தில் நின்ற தாடிக்காரர் லேசாக இருமினார். ராஜா விட்ட இடத்திலிருந்து முழக்கத்தைத் தொடர்ந்தார். அண்ணி விரல் விட்டு எண்ணினாள். ஒரே காட்சியில் ஐந்து தடவை ராஜா நின்றார், ஐந்து தடவை அவர் இருமினார். மற்ற நேரத்தில் அந்தத் தொண்டை வெண்ணெய் தடவியதுபோல இருந்தது.

இடைவேளையில் அவர்கள் யாரையும் தேடிப்போக வேண்டியிருக்கவில்லை. ஆட்களே வந்தார்கள். முதலில் கோமாளி வேஷக்காரர் அண்ணியை அட்டை மரத்துக்குப் பின்னால் அழைத்துப்போய், பசையைத் திருடியது தான்தான் என்றார். தொப்பியில் மணி நிற்கவில்லையாம், ஒட்டினாராம். ஏழு பாட்டிலா என்று கேட்டதற்கு, பெரிய மணி என்றார். அவர் போன சூட்டோடு லைட்மேன் வந்து, திருடியது தான்தான் என்று தலையைக் குனிந்தார். ஏணி உடைந்துவிட்டது, ஒட்டினேன் என்றார்.

"முடி ஒட்டற பசையால ஏணியை ஒட்டினீங்களா?" என்றாள் அண்ணி.

"ஆமாம்மா."

"ஏறிப் பார்த்தீங்களா?"

"ஏறலை" என்றார் லைட்மேன். "பயமா இருந்துச்சு."

மூன்றாவதாக இளைய மகள் வேஷம் போடும் பெண் வந்து, தன் செருப்புக்கு என்றாள். அவள் காலில் இருந்த செருப்பில் ஆணி அடித்திருந்தது.

ரேடியோவுக்குத் தலை சுற்றியது. ஆறு வருஷத்தில் ஒரு திருட்டை ஒருத்தரும் ஒப்புக்கொள்ளாமல்தான் பார்த்திருக்கிறான். ஒரே திருட்டுக்கு மூன்று பேர் வரிசையில் நிற்பது புது அனுபவம். வரிசைச் சீட்டு கொடுக்கலாமா என்று அண்ணியைக் கேட்டான். அண்ணி அந்தப் பக்கமாக வந்த கோமாளியைக் கூப்பிட்டு, இதற்கு முன்னால் பிரபு வேஷம் யார் போட்டார் என்று கேட்டாள்.

கோமாளியின் முகம் தொங்கிவிட்டது. ராஜாவின் மச்சான் போட்டார் என்றார். மனைவியின் தம்பி. மேக்கப் அறையில் இருக்கிறாரே, அந்த அம்மாவின் கூடப்பிறந்தவர். இருபத்தைந்து வருஷம் ராஜா பக்கத்தில் நிழல் மாதிரி நின்றவர். மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு நாள், எல்லோர் முன்னிலையிலும், 'அத்தான், உங்களுக்கு வசனம் மறந்து போகுது. இந்த நாடகத்தோட நிறுத்திக்கலாம்' என்று சொல்லிவிட்டார். ராஜா கிரீடத்தைக் கழற்றி அவர்மேல் வீசினார். அட்டைக் கிரீடம், காயம் இல்லை. காயம் பட்டது அதன் பிறகு சொன்ன வார்த்தையில்தான். இனிமேல் உன் முகம் இந்த மேடையில் தெரிந்தால், அன்றோடு நான் நடிப்பதை விட்டுவிடுகிறேன் என்று சபதம் போட்டார்.

"கோபத்துல சொல்றதுதானே" என்றான் ரேடியோ.

ராஜாவைத் தெரியாமல் பேசுகிறீர்கள் என்றார் கோமாளி. பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு சாவுக் காட்சியில் யாரோ பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்த சத்தம் கேட்டுவிட்டது. இனி வாழ்நாளில் பிஸ்கட்டைத் தொடமாட்டேன் என்றார். இன்று வரைக்கும் டீயை வெறுமனே குடித்துவிட்டு, மற்றவர்கள் தின்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். சொன்னால் சொன்னதுதான். இந்தக் குழுவில் எட்டுப் பேர் சாப்பாடு அவர் மேடையில் நிற்பதை நம்பி இருக்கிறது என்று சொல்லிவிட்டு, பெரிய மணி ஆட, கோமாளி போனார்.

அண்ணி உடை அறைக்குள் போய், தொங்கிக்கொண்டிருந்த அங்கிகளுக்கு நடுவே ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து, நாடகப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து வாசிக்க ஆரம்பித்தாள். ரேடியோவுக்கு மூக்கில் வேர்த்தது. அண்ணி வாசிக்கிறாள் என்றால் கறையைக் கண்டுபிடித்துவிட்டாள், எதைப் போட்டால் போகும் என்று யோசிக்கிறாள் என்று அர்த்தம். அவனுக்குத் தெரிந்தவரை பசைத் திருடன் போட்டிக் குழு அனுப்பிய ஒற்றன். மேடையில் அத்தனை பேர் செருப்பையும் தரையோடு ஒட்டிவைக்கத்தான் ஏழு பாட்டில். இதை அவன் விளக்கிக்கொண்டிருக்கும்போதே அண்ணி புத்தகத்தை மூடினாள்.

"தம்பி, மாறுவேஷம் எதுக்குப் போடறாங்க?"

"எதையாவது அடிக்கிறதுக்கு அண்ணி. சொத்து, நகை, இல்லேன்னா பக்கத்து வீட்டு விஷயம்."

"நானும் அப்படித்தான் தேடிக்கிட்டிருந்தேன். யார் உள்ள நுழையப் பார்க்கறாங்கன்னு. இந்த நாடகத்துல பாருங்க. பிரபு வேஷம் போடறான். இன்னொரு பையன், அப்பா துரத்திவிட்டவன், பைத்தியக்காரப் பிச்சைக்காரனா வேஷம் போட்டு, கண்ணு போன அதே அப்பாவைக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறான். ரெண்டு பேரும் எதையும் எடுக்க வரலை. பக்கத்துல இருக்க வந்தாங்க. சொந்த முகத்தோட வந்தா விடமாட்டாங்க, அவ்வளவுதான். அப்போ நாம தேடவேண்டியது உள்ள நுழைஞ்சவனை இல்ல. வெளிய தள்ளப்பட்டவனை."

ரேடியோ வாயைத் திறந்தான். திறந்த வாயில் மூன்றாவது படி, இருமல், உறிஞ்சுகுழல் எல்லாம் ஒன்றாக வந்து நின்றதால் சத்தம் வரவில்லை.

தாடிக்காரரைச் சட்டைப் பொத்தான் தைக்க என்று சொல்லி அழைத்து வந்தார்கள். அவர் கூடவே மேக்கப்காரம்மாவும் வந்து, உள்ளே நுழையும் முன்பே, பசையைத் திருடியது தான்தான் என்று ஆரம்பித்தார். நான்காவது ஆள். அண்ணி அவரைக் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். பிறகு தாடிக்காரரின் காலரை இரண்டு விரலால் திருப்பிப் பார்த்தாள்.

"உண்மையான தாடி வெச்சவங்க சட்டைக்கு முன்பக்கக் காலர்தான் முதல்ல நையும். முடி அரம் மாதிரி அறுத்துடும். உங்க காலர் முன்னால புதுசா இருக்கு, உள்பக்கம் மட்டும் பசை. நீங்கதானே மேக்கப் அம்மாவோட தம்பி?"

அவர் கொஞ்ச நேரம் அண்ணியையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, தலையசைத்தால் தாடி நகர்ந்துவிடும் என்பதால், கண்ணை மட்டும் மூடித் திறந்தார்.

தினமும் காலையில் ஒட்டிவிடுவது அக்காதான். வேர்வையில் நழுவும், டீ ஆவியில் இளகும், மத்தியானம் மறுபடி ஒட்டவேண்டும், மேலே வெள்ளைத் தாடிக்கு வேறு தனியாக. பசை கரையாமல் என்ன செய்யும். யாரிடமும் சொல்லவில்லை, வீட்டுக்காரருக்கும் தெரியாது என்று அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். மூன்று பேர் ஏன் பொய்யாக ஒப்புக்கொண்டார்கள் என்று ரேடியோவுக்கு இப்போதுதான் உறைத்தது. எல்லோருக்கும் தெரியும். தனக்கு மட்டும்தான் தெரியும் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

"அத்தானுக்குப் புயல் காட்சியில வசனம் போயிடுதும்மா" என்றார் மச்சான். "எடுத்துக்கொடுக்க ஆள் வைக்கலாம்னா, எனக்கா ஆள்னு குதிப்பார். சபை முன்னால அவர் முழிச்சுக்கிட்டு நின்னா நான் தாங்கமாட்டேன். அந்தப் பிரபு வேஷம்தான் ராஜா பக்கத்துலயே நிக்கும். இருமுற சாக்குல அடுத்த சொல்லை எடுத்துக்கொடுத்துடலாம். நான் சொன்னது நிஜம்தான். ஆனா நிஜத்தைச் சொல்லிட்டா விட்டுட்டுப் போயிடணுமா? நீங்க சொன்னீங்கன்னா அவர் என்னை அனுப்பிடுவார். இன்னிக்கு சாயந்திரம் தனியா நிப்பார்."

அவருக்கு இன்னொரு பயமும் இருந்தது. கடைசிக் காட்சியில் பிரபு வேஷம் கலைக்கவேண்டும். வெள்ளைத் தாடியைப் பிய்த்தால் கறுப்பும் கூடவே வருகிறது. நேற்று பாதி வந்துவிட்டது. அழுவதுபோல இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு தப்பித்தாராம். 'ரொம்ப நல்லா இருக்கு, இதையே வெச்சுக்கோ' என்று ராஜா பாராட்டினாராம்.

மேடையில் முகம் தெரிந்தால் சபதம். சபதம் என்றால் ராஜாவின் நடிப்பு அதோடு முடிந்தது. அண்ணி அதிகம் யோசிக்கவில்லை. கைப்பையிலிருந்து, சலவைப் பொட்டலம் கட்டுகிற மெல்லிய எலாஸ்டிக் கயிற்றை எடுத்து வெள்ளைத் தாடியின் இரண்டு ஓரத்திலும் தைத்தாள். காதில் மாட்டினால் போதும், இழுத்தால் அது மட்டும் வரும். கயிற்றுத் தாடி பள்ளிக்கூட நாடகத்துக்கு என்று ராஜா தடை போட்டிருப்பதால்தான் இத்தனை பேருக்கும் இது தோன்றவே இல்லை.

"நான் மாறுவேஷம் போட்டா கண்டுபிடிப்பீங்களா அண்ணி?" என்று ரேடியோ கேட்டான்.

"வாயை மூடிக்கிட்டு வந்தா கண்டுபிடிக்கவே முடியாது தம்பி" என்று நூலைப் பல்லால் கடித்தாள் அண்ணி.

ஐந்து மணிக்கு ராஜாவின் அறை. கண்ணாடி முன்னால் கிரீடத்தோடு உட்கார்ந்திருந்தார். பிஸ்கட் தட்டு ஒன்று, விருந்தாளிகளுக்காக, கைக்கெட்டாத தூரத்தில் இருந்தது. அண்ணி நின்றபடியே அறிக்கை கொடுத்தாள். பாட்டில் மூடிகள் சரியில்லை, பசை ஆவியாகிப் போகிறது. குழுவில் எல்லோரும் அவரவர்தான். வேறு யாரும் ஒளிந்திருக்கவில்லை. ஆறு வருஷத்தில் அண்ணி ஒரு வாடிக்கையாளரிடம் பொய் சொல்வதை ரேடியோ அன்றுதான் கேட்டான். அவள் கை முந்தானை நுனியைத் திருகிக்கொண்டே இருந்தது.

"நல்லாப் பார்த்தீங்களாம்மா?"

"பார்த்தேன்."

"உங்க கண்ணுக்கே ஒண்ணும் தெரியலையா?"

"தெரியலை."

ராஜா நாற்காலியில் சாய்ந்து நீளமாக மூச்சு விட்டார். முகம் மலர்ந்துவிட்டது. ரொம்ப சந்தோஷம், ரொம்ப சந்தோஷம் என்று இரண்டு தடவை சொல்லி, தன் கையாலேயே பிஸ்கட் தட்டை நீட்டினார். ரேடியோ நான்கு எடுத்துக்கொண்டான். வெளியே வந்ததும், துப்பறிகிறவர்கள் தோற்றுப்போனார்கள் என்று கேட்டு இவ்வளவு பூரித்துப்போன ஆளை இப்போதுதான் பார்க்கிறேன் என்றான். அண்ணி நடந்துகொண்டிருந்தவள் நின்றாள். திரும்பி அந்த அறைக் கதவை ஒரு தடவை பார்த்தாள். மறுபடி நடந்தாள்.

ஆறு மணிக்கு அரங்கு நிறைந்திருந்தது. அண்ணியும் ரேடியோவும் பக்கத் திரைக்குப் பின்னால் நின்றார்கள். புயல் காட்சியில் ராஜா ஆறு தடவை நின்றார், ஆறு இருமல் வந்தது, சபையில் ஒருத்தருக்கும் தெரியவில்லை. முன்வரிசைப் பெண் ஒருத்தி மட்டும், அந்த வேலைக்காரனுக்கு மழையில் நனைந்து சளி பிடித்துவிட்டது என்று வருத்தப்பட்டாள்.

கடைசிக் காட்சி. ராஜா தரையில் மண்டியிட்டு, இறந்துபோன இளைய மகளை மடியில் போட்டுக்கொண்டிருந்தார். பிரபு எதிரே வந்து மண்டியிட்டார். காதுக்குப் பின்னால் விரலை விட்டார். திரைக்குப் பின்னால் கோமாளி, மேக்கப்காரம்மா, ரேடியோ மூவரும் மூச்சை நிறுத்தினார்கள். மேலே ஏணியில், ஒட்டாத ஏணியில், லைட்மேன் கண்ணை மூடிக்கொண்டார்.

வெள்ளைத் தாடி சத்தமில்லாமல் கழன்று வந்தது. கறுப்புத் தாடி கல் மாதிரி நின்றது. நான்கு பேரும் மூச்சு விட்டார்கள்.

"ராஜா, நான்தான் அந்த வேலைக்காரன். நீங்கள் துரத்திய நாளிலிருந்து உங்கள் கூடவே வந்தவன்" என்று பிரபு சொன்னார்.

ராஜா பதில் சொல்லவில்லை. நாடகத்தில் அவர் அரைகுறை நினைவில் இரண்டு வார்த்தை முணுமுணுக்கவேண்டும். அதுகூட வரவில்லை. பிரபு இருமினார். அமைதி. இன்னொரு தடவை, கொஞ்சம் பலமாக, இருமினார். ராஜா நிமிர்ந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வலது கையை மெல்ல நீட்டி, கறுப்புத் தாடியின் ஓரத்தைப் பிடித்து இழுத்தார்.

ஏழு பாட்டில் பசை. முதல் இழுப்பில் வரவில்லை. இரண்டாவது இழுப்பில் ராஜாவின் மடி குலுங்கியதில் இறந்துபோன மகள் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு, நிலைமையைப் புரிந்துகொண்டு, மறுபடி இறந்தாள். மூன்றாவது இழுப்பில் தாடி முழுசாகக் கையோடு வந்தது. அத்தனை விளக்கு வெளிச்சத்திலும் மச்சானின் முகம், சிவந்துபோய், மழுமழுவென்று, மேடையில் தெரிந்தது.

"தெரியும் மச்சான்" என்றார் ராஜா. "முதல் நாளே தெரியும்."

மேக்கப்காரம்மா வாயைப் பொத்திக்கொண்டார். ராஜா தாடியை ஓரமாக வைத்தார். அந்தக் கன்னத்தை ஒரு தடவை தடவினார். பிறகு கடைசி வசனம் முழுவதையும், ஒரு இடத்தில்கூடத் தடுக்காமல், யாரும் இருமாமல், அடிவயிற்றிலிருந்து சொல்லி முடித்துவிட்டு இறந்துபோனார்.

கைதட்டல் கூரையைத் தூக்கியது. இரண்டாவது வரிசையில் ஒரு பேராசிரியர், மூலத்தில் அந்தப் பிரபு ராஜாவின் மைத்துனன்தான், பின்னால் வந்த பதிப்பில் விட்டுவிட்டார்கள் என்று மனைவிக்கு விளக்கிக்கொண்டிருந்தார். ரேடியோ கை சிவக்கத் தட்டிக்கொண்டிருந்தான்.

திரை விழுந்ததும் ராஜா அண்ணியிடம் வந்தார். அவரே தொடங்கினார். முதல் நாள் நடிகர் தேர்விலேயே ராஜா வசனம் மறந்து நின்றார், அந்தப் புது ஆள் இருமினான். இருபத்தைந்து வருஷம் காதில் விழுந்த இருமலுக்குத் தாடி ஒட்ட முடியுமா? மனசு நிறைந்துவிட்டது. ஆனால் எட்டுப் பேர் முன்னால் போட்ட சபதம். யாராவது கண்டுபிடித்துச் சொல்லிவிட்டால் நின்றாகவேண்டும். அதனால்தான் ஊரிலேயே கூர்மையான கண்ணைக் கூட்டிவந்தார். இந்தக் கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் வேறு எந்தக் கண்ணுக்கும் தெரியாது.

"வேஷம் சரியா இருக்கான்னு பார்க்கறதுக்கா எங்களை வெச்சீங்க?" என்றாள் அண்ணி.

"ஆமாம்மா. நீங்க ரொம்ப நல்லவங்க. ஆனா நடிப்பு சுத்தமா வரலை. முந்தானையைத் திருகினதுலயே கண்டுபிடிச்சிட்டீங்கன்னு தெரிஞ்சுபோச்சு. அப்பவும் எனக்கு சந்தோஷம்தான், காட்டிக்கொடுக்க மனசு வராத ஆளுன்னு. இன்னிக்கு ஓட்டிடலாம்னுதான் மேடை ஏறினேன்."

பிறகு ஏன் பிய்த்தீர்கள் என்று ரேடியோ கேட்டான்.

ராஜா கிரீடத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "கடைசியில நின்னேனே, அங்க மறக்கலை. இருமறானா பார்க்கலாம்னு நிறுத்தினேன். இருமினான். ரெண்டு தடவை. இந்த ராஜா கடைசி வரைக்கும் அந்த வேலைக்காரன் யாருன்னு புரியாமயே செத்துப்போறான். முப்பது வருஷமா அவனுக்காக நான் அழுதுட்டேன். எனக்கு அப்படிச் சாக இஷ்டமில்ல. அவன் சொன்னது நிஜம். போதும்."

மற்றவர்கள் சுற்றி நின்றார்கள். தாடிக்குள் யார் என்று தனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்ததாக ராஜா சொன்னதும், எனக்கும் தெரியும் என்றார் கோமாளி. எனக்கும்தான் என்று லைட்மேன் ஏணியிலிருந்து குரல் கொடுத்தார். இறந்த மகளும் கையைத் தூக்கினாள். பதினைந்து நாளாக ஒரே ரகசியத்தை ஆளுக்கு ஒரு பக்கம் பூட்டிவைத்துக் காப்பாற்றியிருக்கிறார்கள். ராஜா கோபப்படப் பார்த்தார், முடியவில்லை. கிரீடத்தை மச்சானை நோக்கி வீசினார். இந்தத் தடவை அது தலையில் போய் உட்காரும்படி, பக்கத்தில் நின்று.

சபதம் சபதம்தான். அவர் அதன் பிறகு நடிக்கவில்லை. பிஸ்கட்டும் தின்னவில்லை.

அடுத்த வாரம் அண்ணியையும் ரேடியோவையும் நாடகத்துக்கு அழைத்திருந்தார்கள். ராஜா வேஷத்தில் மச்சான். பக்கத் திரை ஓரத்தில் ஒரு நாற்காலி, அதில் பழைய ராஜா, மடியில் புத்தகம். புயல் காட்சி வந்தது. மச்சான் கைகளை விரித்து முழங்கிக்கொண்டிருந்தவர் சட்டென்று நின்றார்.

"மறந்துட்டாரா அண்ணி?" என்று ரேடியோ காதோரம் கேட்டான்.

அண்ணி இல்லை என்று தலையாட்டினாள். திரை ஓரத்தில் பழைய ராஜா அவசர அவசரமாகப் பக்கத்தைப் புரட்டி, தப்பான பக்கத்தைப் பார்த்து, சரியான பக்கத்துக்கு வந்து, தொண்டையைச் செருமிக்கொண்டார். வசனம் அத்தனையும் மனப்பாடமாகத் தெரிந்த மச்சான், இருமல் வருகிறவரைக்கும் கொட்டுகிற மழையில் காத்துக்கொண்டு நின்றார்.